கிரியேட்-வீட்: புதிய வெப் புரொஜெக்ட் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட் என்பது வெப் தளத்தை எழுதும்போதே ஓடவிட்டுப் பார்க்கவும், முடிந்ததும் வெளியிடத் தயாராக்கவும் உதவும் கருவி. அதில் புதிய புரொஜெக்டைத் தொடக்கித் தருவது கிரியேட்-வீட். இந்தப் பக்கம் திருகோணமலையில் வெப் வேலை பழகுகிறவர்களுக்காக, குறிப்பாகக் கணினிக்கூட இயந்திரத்தையும் போன் டேட்டாவையும் நம்பி வேலை பார்க்கிறவர்களுக்காக எழுதியது. கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். திரையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். இடைவெளி, கோடு, புள்ளி எல்லாம் இங்கே உள்ளபடியே வரவேண்டும்.

கிரியேட்-வீட் உண்மையில் என்ன செய்கிறது?

நீங்கள் சொன்ன பெயரில் ஒரு போல்டரை உருவாக்கி, தன்னிடம் உள்ள மாதிரிக் கோப்புகளை அதற்குள் பிரதி பண்ணி, புரொஜெக்டின் விவரங்களை வைத்திருக்கும் பெக்கேஜ்.ஜேசன் கோப்பில் அதன் பெயரை எழுதிவிட்டு வெளியேறிவிடும். ரியாக்ட் மாதிரி என்றால் இருபதைத் தாண்டாத சின்னச் சின்னக் கோப்புகள். டேட்டாவைத் தின்பது இதற்குப் பிறகு வரும் "என்பிஎம் இன்ஸ்டோல்" என்ற கட்டளைதான். என்பிஎம் என்பது பெக்கேஜ்களை, அதாவது மற்றவர்கள் எழுதிப் பகிர்ந்த புரோகிராம் தொகுப்புகளை, இறக்கித் தரும் கருவி. இரண்டும் வேறு வேறு வேலை. இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறவை.

தொடங்கும் கட்டளை:

என்பிஎம் கிரியேட் வீட்@லேட்டஸ்ட்

"கிரியேட் வீட்" என்று கொடுத்ததும் என்பிஎம், "கிரியேட்-வீட்" என்ற பெயரில் பதிவாகியுள்ள பெக்கேஜைத் தேடி இறக்கி ஓடவிடும். "@லேட்டஸ்ட்" என்பதை விட்டால், உங்கள் இயந்திரத்தில் முன்பு இறங்கிக் கிடக்கும் பழைய பதிப்பே ஓடக்கூடும். பலர் பாவிக்கும் கணினிக்கூட இயந்திரத்தில் இது அடிக்கடி நடக்கும். அதைச் சேர்த்தே அடித்துப் பழகுங்கள்.

தொடங்க முன் என்ன இருக்கவேண்டும்?

நோட்.ஜேஎஸ், அதாவது பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓடவிடும் மென்பொருள். "நோட் -வி" என்று அடித்தால் பதிப்பு எண் வரும். வீட் 7 கேட்பது 20 வரிசையில் 20.19 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 22.12 அல்லது அதற்கு மேல். நோட் 18 இருக்கும் இயந்திரத்தில் சிலவேளை போல்டர் ஒழுங்காக உருவாகும், இன்ஸ்டோலும் மஞ்சள் எச்சரிக்கையோடு முடிந்துவிடும். சேர்வரைத் தொடக்கும்போதுதான் "கிரிப்டோ.ஹாஷ் இஸ் நொட் எ பங்ஷன்" என்று விழும். நீங்கள் எழுதிய புரோகிராமில் பிழை தேடிக்கொண்டு இருக்காதீர்கள், நோட்டைப் புதுப்பித்தால் சரி.

வின்டோஸ் 7 இன்னும் ஓடும் பழைய இயந்திரங்களில் இது சரிவராது. நோட் 14 முதல் வின்டோஸ் 7-க்கு ஆதரவு இல்லை. 32 பிட் வின்டோஸ் என்றால் நோட் 22 வரிசையோடு நின்றுகொள்ளுங்கள், 23 முதல் 32 பிட் வெளியீடு வருவதில்லை.

கருவி கேட்கும் கேள்விகளுக்கு எப்படிப் பதில் கொடுப்பது?

முதற்கேள்வி புரொஜெக்டின் பெயர். எதுவும் அடிக்காமல் என்டர் தட்டினால் "வீட்-புரொஜெக்ட்" என்று வைத்துக்கொள்ளும். கணினிக்கூடத்தில் முப்பது பேரும் என்டர் தட்டினால் முப்பது போல்டரும் அதே பெயரில்தான் கிடக்கும், பிறகு யாருடையது எது என்று தேடவேண்டியதுதான். "நிலாவெளி-விடுதி", "புறாமலை-படகு" என்பதுபோல, வேலையைச் சொல்லும் பெயராக, இடைவெளி விடாமல், ஆங்கிலச் சிறிய எழுத்தில் வையுங்கள். ஏற்கெனவே உருவாக்கிய போல்டருக்குள் நின்றுகொண்டு அங்கேயே தொடங்கவேண்டும் என்றால் பெயருக்குப் பதிலாக ஒரு புள்ளி மட்டும் போதும்.

அந்தப் போல்டர் வெறுமையாக இல்லாவிட்டால் ஒரு கேள்வி குறுக்கே வரும். மூன்று தெரிவுகள்: நிறுத்து, உள்ளே இருப்பவற்றை அழித்துவிட்டுத் தொடர், இருப்பதை அப்படியே விட்டுத் தொடர். இங்கேதான் கைக்கு வேகம் கூடாது. இரண்டாவது தெரிவு, கிட் என்ற கருவி மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் ".கிட்" போல்டரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அழிக்கும், அழிந்தவை ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. மூன்றாவதும் முழுப் பாதுகாப்பு இல்லை: அதே பெயரில் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் ஏற்கெனவே இருந்தால் அதன்மேல் புதியது எழுதப்படும். சந்தேகம் என்றால் முதலாவதைத் தெரிந்து வெளியே வந்து, வேறு பெயரில் தொடங்குங்கள்.

அடுத்தது பிரேம்வேர்க், அதாவது தளத்தைக் கட்டுவதற்கான ஆயத்த அடித்தளம். வனிலா, வியூ, ரியாக்ட், ப்ரியாக்ட், லிட், ஸ்வெல்ட், சொலிட் என்று பட்டியல் வரும். வனிலா என்றால் எந்தப் பிரேம்வேர்க்கும் இல்லாதது. அம்புக்குறி விசையால் இறங்கி என்டர். பின்னால் மாற்றக் கஷ்டமான பதில் உண்மையில் இது ஒன்றுதான். பாதி வேலை முடிந்தபின் ரியாக்டிலிருந்து வியூவுக்குப் போவதென்றால் நீங்கள் எழுதியவை இருக்கும் எஸ்ஆர்சி போல்டரை முழுவதும் திருப்பி எழுதவேண்டும். உப்புவெளியில் ஒரு விடுதிக்கு நான்கு பக்கத் தளம் செய்யப்போகிறவர் வனிலாவைத் தெரிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த அளவு வேலைக்கு ரியாக்ட் வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள், விடுதிக்காரர் நிச்சயமாகக் கேட்கமாட்டார்.

பிறகு வேரியன்ட்: ஜாவாஸ்கிரிப்டா, மதிப்புகளின் வகையையும் குறித்து எழுதும் டைப்ஸ்கிரிப்டா, ரியாக்ட் என்றால் சில பதிப்புகளில் அவற்றின் எஸ்டபிள்யூசி வடிவங்களா. எஸ்டபிள்யூசி என்பது நீங்கள் எழுதியதைப் பிரவுசருக்கு ஏற்றபடி வேகமாக மாற்றும் இன்னொரு கருவி. மாணவர் புரொஜெக்டின் அளவில் வித்தியாசம் கண்ணில் படாது. பெயருக்குப் பக்கத்தில் சாய்ந்த அம்பு போட்ட தெரிவுகளைக் கவனியுங்கள். அவற்றைத் தெரிந்தால் கிரியேட்-வீட் விலகி, வேறொரு கருவியை இறக்கி அதனிடம் வேலையைக் கொடுத்துவிடும். அதன் கேள்விகளும் வேறு, டேட்டாச் செலவும் வேறு.

புதிய பதிப்புகள் கடைசியில் "இப்போதே இன்ஸ்டோல் பண்ணி ஓடவிடவா?" என்றும் கேட்கும். போன் டேட்டாவில் இருந்தால் இல்லை என்று சொல்லுங்கள். சில பதிப்புகளில் "ரோல்டவுன்" என்று ஒரு பரிசோதனைத் தெரிவும் வந்தது. என்னவென்று தெரியாமல் ஆம் சொல்லாதீர்கள்.

ஜாவாஸ்கிரிப்டா, டைப்ஸ்கிரிப்டா?

விரிவுரையாளர் சொன்னதைத் தெரியுங்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஜாவாஸ்கிரிப்டே இன்னும் தடுமாற்றம் என்றால் ஜாவாஸ்கிரிப்ட். பின்னால் கோப்புக் கோப்பாக டைப்ஸ்கிரிப்டுக்கு மாறலாம், இரண்டும் ஒரே புரொஜெக்டில் ஒன்றாக ஓடும்.

போல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தேன். "பெக்கேஜ் நேம்" என்று மறுபடி ஏன் கேட்கிறது?

போல்டர் பெயர் எந்த எழுத்திலும் இருக்கலாம். பெக்கேஜ்.ஜேசனில் உள்ள பெயர் அப்படி இல்லை. என்பிஎம் விதிப்படி அதில் ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், கோடு, புள்ளி போன்ற சிலவே வரலாம், மொத்த நீளம் 214 எழுத்துக்குள் இருக்கவேண்டும். கருவி உங்கள் போல்டர் பெயரைத் திருத்திப் பார்க்கும்: பெரிய எழுத்தைச் சிறியதாக்கும், இடைவெளியைக் கோடாக்கும். தமிழ் எழுத்து ஒன்றையும் அதனால் வைத்துக்கொள்ள முடியாது, ஆகவே முழுப்பெயரும் ஒரேயொரு கோடாகச் சுருங்கிவிடும். அந்தக் கோட்டைத்தான் அது உங்கள் முன் வைத்துச் சரியா என்று கேட்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் அடித்துவிட்டுத் தொடருங்கள். தளத்துக்குள் எழுதும் தமிழுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பவர்ஷெல்லில் சிவப்பு எழுத்து: "என்பிஎம்.பிஎஸ்1 கெனொட் பி லோடட்". என்ன செய்வது?

வின்டோஸின் பாதுகாப்பு விதி ஸ்கிரிப்டுகளை ஓடவிடவில்லை, வேறொன்றும் இல்லை. மிக எளிய வழி, பவர்ஷெல்லை மூடிவிட்டுக் கொமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து அதே கட்டளையைக் கொடுப்பது. சொந்த இயந்திரம் என்றால் பவர்ஷெல்லில் ஒருமுறை

செட்-எக்ஸிகியூஷன்பொலிசி -ஸ்கோப் கரண்ட்யூசர் ரிமோட்சைன்ட்

என்று கொடுத்தால் உங்கள் கணக்குக்கு மட்டும் அனுமதி வரும். கணினிக்கூட இயந்திரத்தில் பொறுப்பாளரைக் கேட்காமல் இதை மாற்றாதீர்கள்.

அம்புக்குறி விசை வேலை செய்யவில்லை.

பெரும்பாலும் நீங்கள் கிட் பாஷ் சாளரத்தில் இருக்கிறீர்கள். அந்தச் சாளரத்தில் சில கருவிகளின் கேள்விப் பட்டியல் உங்கள் விசைகளைச் சரியாகப் பெறாது. கட்டளைக்கு முன்னால் "வின்பிடிவை" சேர்த்து, என்பிஎம் என்பதை "என்பிஎம்.சிஎம்டி" என்று மாற்றிப் பாருங்கள், அல்லது விஎஸ் கோடுக்குள் உள்ள டேர்மினலில் ஓடவிடுங்கள்.

கேள்விகளே வேண்டாம் என்றால் பதில்களைக் கட்டளையோடு கொடுத்துவிடலாம்:

என்பிஎம் கிரியேட் வீட்@லேட்டஸ்ட் நிலாவெளி-விடுதி -- --டெம்ப்ளேட் ரியாக்ட்

நடுவில் தனியாக நிற்கும் இரட்டைக் கோடு தவறி விழுந்ததல்ல. அதற்குப் பிறகு வருவது தனக்கு அல்ல, கிரியேட்-வீட்டுக்கு என்று என்பிஎம் அதைப் பார்த்துத்தான் அறியும். என்பிஎம் 7 முதல் இது கட்டாயம். பவர்ஷெல் சிலவேளை அந்தக் கோட்டைத் தானே விழுங்கிவிடும். டெம்ப்ளேட்டைச் சொல்லியும் பட்டியல் வந்தால் காரணம் அதுதான். இரட்டைக் கோட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

கணினிக்கூடத்தில் இன்டர்நெட் மெதுவு, வீட்டில் போன் டேட்டா. எப்படிச் சமாளிப்பது?

போல்டரை எங்கேயும் உருவாக்கலாம், அதற்குச் செலவு மிகக் குறைவு. இன்ஸ்டோலை மட்டும் நல்ல இணைப்பு உள்ள இடத்துக்கோ இரவு டேட்டாவுக்கோ தள்ளிவையுங்கள்.

ஒருமுறை இறங்கிய பெக்கேஜை என்பிஎம் தன் கேஷில், அதாவது இயந்திரத்திலுள்ள சேமிப்பில், வைத்திருக்கும். இரண்டாவது புரொஜெக்டுக்கு

என்பிஎம் இன்ஸ்டோல் --ப்ரிஃபர்-ஒஃப்லைன்

என்று கொடுத்தால் கேஷில் இருப்பதை முதலில் எடுத்து, இல்லாததை மட்டும் இறக்கும். வேறு யாரும் "என்பிஎம் கேஷ் க்ளீன்" கொடுத்துத் துடைக்காமல் இருந்தால் சரி. இணையத்தில் எந்தப் பிழையைத் தேடினாலும் முதல் மருந்தாக அதைத்தான் எழுதியிருப்பார்கள். டேட்டா எண்ணிப் பாவிக்கும் இடத்தில் அது கடைசி மருந்தாக இருக்கட்டும்.

ஒரே இயந்திரத்தில் பலர் வேலை செய்தால், என்பிஎம்முக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய பிஎன்பிஎம் நல்ல தெரிவு. ஒரு பெக்கேஜின் ஒரு பதிப்பை டிஸ்கில் ஒரே இடத்தில் வைத்து, ஒவ்வொரு புரொஜெக்டுக்கும் அதிலிருந்து இணைப்பு மட்டும் போடும். ஒரு நிபந்தனை: அந்த ஒரே இடமான களஞ்சியமும் புரொஜெக்டும் ஒரே டிரைவில் இருக்கவேண்டும். சி டிரைவில் களஞ்சியம், டி டிரைவில் புரொஜெக்ட் என்றால் இணைப்புப் போட முடியாமல் பிரதி எடுக்கத் தொடங்கும், லாபம் போய்விடும்.

அப்படியென்றால் நண்பரிடமிருந்து, இன்ஸ்டோல் பண்ணிய பெக்கேஜ்கள் கிடக்கும் நோட்_மொடியூல்ஸ் போல்டரைப் பென்டிரைவில் வாங்கினால் என்ன?

கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ பஸ் ஏறி வந்து இதைத்தான் பலர் செய்கிறார்கள். பெரும்பாலும் சரிவராது. முதலாவது, அதற்குள் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள். பென்டிரைவுக்கு ஒரு பெரிய வீடியோவை ஏற்றுவதைவிட இதை ஏற்ற நேரம் பிடிக்கும். இரண்டாவதுதான் முக்கியம்: வீட் 7 உள்ளே பாவிக்கும் ரோலப், ஈஎஸ்பில்ட் போன்ற பகுதிகள் இயங்குதளத்துக்கு ஏற்ற பைனரியாக இறங்குபவை. வின்டோஸில் இன்ஸ்டோல் பண்ணியதை உபுண்டுவுக்குக் கொண்டுபோனால் "கெனொட் ஃபைண்ட் மொடியூல் @ரோலப்/ரோலப்-லினக்ஸ்-எக்ஸ்64-ஜிஎன்யூ" என்று நிற்கும். அந்தச் செய்தியே மருந்தையும் சொல்லும்: நோட்_மொடியூல்ஸ், பெக்கேஜ்-லொக்.ஜேசன் இரண்டையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டோல்.

பென்டிரைவில் கொண்டுபோக வேண்டியது நோட்_மொடியூல்ஸ் தவிர்ந்த மற்ற எல்லாம், இறங்கிய பதிப்புகளைக் குறித்துவைக்கும் லொக் கோப்பான பெக்கேஜ்-லொக்.ஜேசன் உட்பட. போய்ச் சேர்ந்த இடத்தில் "என்பிஎம் சிஐ" கொடுத்தால் லொக் கோப்பில் உள்ள அதே பதிப்புகள் இறங்கும். உங்களிடம் ஓடியது அங்கேயும் ஓடும்.

இன்ஸ்டோல் பாதியில் கரண்ட் போய்விட்டது.

நோட்_மொடியூல்ஸை அழித்துவிட்டு மறுபடி கொடுங்கள். இறங்கிய அளவு கேஷில் இருக்கும்.

"ஈபேர்ம்", "ஈபிசி" என்று பிழை வருகிறது.

புரொஜெக்ட், மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான வன்டிரைவோடு ஒத்திசையும் டெஸ்க்டொப்பிலோ டொகுமென்ட்ஸிலோ இருக்கிறதா பாருங்கள். என்பிஎம் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை வன்டிரைவ் மேலேற்றப் பிடித்துவைத்திருக்கும். சி டிரைவின் மேல்மட்டத்தில் "கோட்" என்று ஒரு போல்டர் திறந்து அங்கே மாற்றுங்கள். பாதையும் குறுகும், வன்டிரைவில் இடமும் மிஞ்சும்.

தளத்தைப் போனில் பார்க்க முடியுமா?

முடியும். "என்பிஎம் ரன் டெவ்" கொடுத்தால் லொக்கல்ஹோஸ்ட் 5173-ல் தளம் வரும், அது அந்த இயந்திரத்துக்கு மட்டும். போனிலும் பார்க்க

என்பிஎம் ரன் டெவ் -- --ஹோஸ்ட்

"நெட்வேர்க்" என்ற வரியில் 192.168 என்று தொடங்கும் முகவரி வரும். போனும் லெப்டொப்பும் ஒரே வைஃபையில் இருக்கவேண்டும். வின்டோஸ் ஃபயர்வோல் கேட்டால் பிரைவேட் நெட்வேர்க்குக்கு அனுமதி கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் போனில் வராவிட்டால், அந்த வைஃபை ஒரு கருவியை இன்னொன்று பார்க்கவிடாமல் தடுக்கிறது. விடுதி, கல்லூரி வைஃபைகளில் இது சாதாரணம். போனின் ஹொட்ஸ்பொட்டில் லெப்டொப்பை இணைத்துப் பாருங்கள்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தளம் வேண்டும். மாதிரியில் என்ன மாற்றவேண்டும்?

நிலாவெளிப் பக்கம் யாருக்குத் தளம் செய்தாலும் இந்தக் கேள்வி வரும். கருவி தரும் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் கோப்பின் இரண்டாவது வரியைத் திறந்து பாருங்கள், "லாங்" என்பதற்கு ஆங்கிலம் என்று இருக்கும். தமிழ்ப் பக்கத்துக்கு "டிஏ", சிங்களத்துக்கு "எஸ்ஐ". மாற்றாமல் விட்டால் குரோம், தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்ளலாம். திரை வாசிப்பான் பாவிக்கிறவருக்குத் தமிழை ஆங்கிலக் குரல் வாசிக்கப் பார்க்கும். பயனர் மொழி மாற்றும்போது டொகுமென்டின் இதே மதிப்பையும் ஜாவாஸ்கிரிப்டால் மாற்றவேண்டும். பலர் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

அதே கோப்பில் "டைட்டில்" வரியும் கருவி போட்டதுதான். அதை மாற்றாமல் வெளியே போன தளங்கள் கூகுள் தேடலில் "வீட் + ரியாக்ட்" என்ற பெயரோடு நிற்கின்றன.

எழுத்துருவுக்கு ஃபொன்ட்சோர்ஸ் வழங்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் பெக்கேஜை இன்ஸ்டோல் பண்ணி மெயின் கோப்பில் இம்போர்ட் பண்ணுங்கள். தேவையான தடிமன்களை மட்டும் எடுத்தால் போதும், சாதாரணமும் தடித்ததும். மாதிரியோடு வரும் சிஎஸ்எஸ்ஸின் வரி உயரம் ஆங்கிலத்தை மனதில் வைத்தது. தமிழில் கொம்பும் சுழியும் நெருக்கமாகத் தெரிந்தால் 1.7 அளவுக்குக் கூட்டுங்கள்.

பில்ட் பண்ணிய (வெளியிடத் தயாராக்கிய) பின் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்லை இரட்டைக் கிளிக் பண்ணினால் வெள்ளைப் பக்கம்தான் வருகிறது.

வரத்தான் செய்யும். பில்டின் விளைவு விழும் டிஸ்ட் போல்டரில் உள்ள ஸ்கிரிப்ட் மொடியூல் வகை. டிஸ்கிலிருந்து நேராகத் திறந்தால் பிரவுசர் அதை ஏற்றாது. "என்பிஎம் ரன் ப்ரிவியூ" கொடுத்து 4173 போர்ட்டில் பாருங்கள்.

தளத்தை வெளியிட உதவும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றியபின் வெள்ளைப் பக்கம் என்றால் அது வேறு கதை. அங்கே தளம், கிட்ஹப்பில் புரொஜெக்டை வைத்திருக்கும் களஞ்சியத்தின் பெயருக்குக் கீழே நிற்கும், பில்டோ கோப்புகளை வேர் முகவரியில் தேடும். வீட்.கொன்ஃபிக் கோப்பில் "பேஸ்" என்பதற்கு முன்னும் பின்னும் சாய்கோட்டோடு களஞ்சியப் பெயரைக் கொடுங்கள்.

உங்கள் லெப்டொப்பில் பில்ட் ஆகிறது, சேர்வரில் ஆகவில்லை என்றால் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பாருங்கள். வின்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு.

ரகசிய விசைகளை, அமைப்பு மதிப்புகளுக்கான .என்வி கோப்பில் வைத்தால் பாதுகாப்புத்தானே?

இல்லை, இரண்டு காரணத்தால். பெயர் "வீட்_" என்று பெரிய எழுத்தில் தொடங்கும் மதிப்பு எல்லாம் பில்ட் ஆகும்போது பிரவுசருக்குப் போகும் புரோகிராமுக்குள் எழுதப்பட்டுவிடும், யாரும் திறந்து பார்க்கலாம். அடுத்தது, கருவி தரும் .கிட்இக்னோர் (கிட் சேர்க்காமல் விடவேண்டியவற்றின் பட்டியல்) ".லோக்கல்" என்று முடியும் கோப்புகளைத்தான் மறைக்கிறது. வெறும் ".என்வி" அதில் இல்லை, கிட்ஹப்புக்குப் போய்விடும். நீங்களே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டண விசை, டேட்டாபேஸ் கடவுச்சொல் எல்லாம் சேர்வர் பக்கத்தில் மட்டும்.

பழைய வீடியோக்களில் கிரியேட்-ரியாக்ட்-ஆப் என்று சொல்கிறார்களே?

2016-ல் வந்த கருவி. 2025 பெப்ரவரியில் ரியாக்ட் குழுவே அதை ஒதுக்கிவைத்தது. புதிதாக ஒன்றையும் அதில் தொடங்காதீர்கள். ரியாக்டை வைத்துக் கட்டிய நெக்ஸ்ட் என்ற பிரேம்வேர்க் வேண்டுமென்றால் கிரியேட்-நெக்ஸ்ட்-ஆப். அது கேள்விகள் முடிந்ததும் கேட்காமலே இன்ஸ்டோலைத் தொடங்கிவிடும், டேட்டா கவனம். "--ஸ்கிப்-இன்ஸ்டோல்" சேர்த்தால் நிற்கும்.

ஒவ்வொரு முறையும் அதே மாற்றங்களைச் செய்கிறோம். எங்களுக்கென்று ஒரு மாதிரி வைக்கலாமா?

வைக்கலாம், வைக்கவும் வேண்டும். மும்மொழி அமைப்பு, எழுத்துரு, திருத்திய .கிட்இக்னோர் எல்லாம் போட்டு ஒரு புரொஜெக்டைக் கிட்ஹப்பில் ஏற்றுங்கள். பிறகு "என்பிஎக்ஸ் டிகிட்" என்று அடித்து, கணக்கின் பெயரும் களஞ்சியத்தின் பெயரும் நடுவில் சாய்கோட்டோடு, அடுத்துப் புதிய போல்டரின் பெயர். பழைய கொமிட் வரலாறு இல்லாமல் கோப்புகள் மட்டும் இறங்கும். பத்துப் பேர் குழுவுக்கு இதுவே தாராளம்.

கேள்வி கேட்கும் கருவியே வேண்டும் என்றால் நோட்டில் நூறு வரிக்குள் எழுதிவிடலாம். கேள்விகளைக் கேட்க க்ளாக் ப்ரொம்ப்ட்ஸ் என்ற பெக்கேஜ், பிரதி பண்ண நோட்டின் எஃப்எஸ்.சிபிசிங்க். எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகே டிஸ்கில் கை வையுங்கள். நடுவில் ஒருவர் கன்ட்ரோல்-சி அடித்தால் அரைகுறைப் போல்டர் மிஞ்சக்கூடாது. க்ளாக் அந்த நேரத்தில் பதிலுக்குப் பதிலாக "சிம்பல்" வகை மதிப்பு ஒன்றைத் திருப்பித் தரும், ஒவ்வொரு பதிலையும் "இஸ்கேன்சல்" கொண்டு பார்க்கவேண்டும். மாதிரிக்குள் .கிட்இக்னோரை அந்தப் பெயரில் வைக்காதீர்கள். என்பிஎம்மில் வெளியிட்டால் அது அதே பெயரில் வந்து சேராது. கிரியேட்-வீட் செய்வதுபோல முன்னால் அடிக்கோடு போட்டு வைத்து, பிரதி பண்ணும்போது பெயரை மாற்றுங்கள்.

இப்படி இணையத்திலிருந்து இறக்கி ஓடவிடுவது ஆபத்தில்லையா?

ஆபத்து இருக்கிறது. "என்பிஎம் கிரியேட்" என்பதற்குப் பிறகு நீங்கள் அடிக்கும் எழுத்தில் ஒன்று பிசகினாலும் அந்தப் பிசகிய பெயரில் யாரோ போட்டுவைத்த பெக்கேஜ் உங்கள் கணக்கின் முழு உரிமையோடு ஓடும். முதன்முறை இறக்கும்போது "ஓகே டு ப்ரொசீட்?" என்று பெயரைக் காட்டிக் கேட்பது இதற்காகத்தான். ஆம் என்பதற்கான "வை" விசையைத் தட்டமுன் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

பெயர் சரியாக இருந்தும் நடக்கலாம். 2025 செப்டெம்பரில் சோக், டீபக் போன்ற, கோடிக்கணக்கில் இறங்கும் பெக்கேஜ்களின் பராமரிப்பாளர் கணக்கைப் போலி மின்னஞ்சலால் கைப்பற்றித் தீங்கான பதிப்புகளை வெளியிட்டார்கள். சில மணி நேரத்தில் நீக்கப்பட்டது. லொக் கோப்போடு "என்பிஎம் சிஐ" பாவித்தவர்களுக்குப் பழைய, நல்ல பதிப்புகளே இறங்கின. லொக் கோப்பைக் கிட்டில் சேர்க்காமல் விடுகிறவர்கள் நம்மிடையே நிறையப்பேர். இன்றே சேர்த்துவிடுங்கள்.